பாதியில் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா?

வேலையில் சேரும் அன்று ஒரு கட்டுக் காகிதங்களுக்கு நடுவே கையெழுத்தான பாண்ட் (குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவேன் என்ற பத்திரம்), விலகும் அன்றுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இந்தியச் சட்டப்படி அதற்கு எவ்வளவு வலு உண்டு என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இரண்டு ஆண்டு பாண்டில் சேர்ந்தேன். 14 மாதம் வேலை பார்த்தபின் ராஜினாமா செய்திருக்கிறேன். பாண்டில் உள்ள 1,50,000 ரூபாயையும் கட்டச் சொல்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?

பத்திரத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டதாலேயே அது முழுவதும் உங்கள் கடனாகிவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவைப் பொறுத்தவரை அந்தத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்பதை 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

உங்கள் நிலைக்கு நெருக்கமான வழக்கு ஒன்று 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிவானது. மூன்று ஆண்டு பாண்ட், இரண்டு லட்சம் ரூபாய், இரண்டு ஆண்டுகளில் விலகல். பயிற்சிக்குச் செலவானதாக நிறுவனம் காட்டிய தொகை ஏறத்தாழ 67,600 ரூபாய். பணியாளர் மூன்றில் இரண்டு பங்குக் காலம் உழைத்துவிட்டதால், எஞ்சிய ஒரு பங்குக்கு உரிய சுமார் 22,500 ரூபாயை மட்டுமே நீதிமன்றம் வழங்கியது.

நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளில் ‘பயிற்சிக் கட்டணம் 1,50,000’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. எந்தப் பயிற்சி, எத்தனை நாள், யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ரசீது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையான செலவு 48,000 என்று நிரூபணமானால், 24 மாதத்தில் மீதமுள்ள 10 மாதத்துக்கு 20,000 ரூபாய் என்ற கணக்கில் பேசி முடிப்பதே இரு தரப்புக்கும் நியாயம்.

கேள்வி: பயிற்சி என்று சொல்லி ஒரு வாரம் அலுவலக நடைமுறைகளை விளக்கினார்கள், அவ்வளவுதான். அதற்கும் பாண்ட் செல்லுமா?

புதிதாகச் சேரும் எவருக்கும் வேலையைப் பழக்குவது நிறுவனத்தின் அன்றாடச் செலவு. அதைச் சிறப்புப் பயிற்சி என்று நிறுவுவது எளிதன்று. தோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய அளவுகோல் இங்கு உதவும்: முதலாளியின் செலவில் பயிற்சியோ தனிச் சலுகையோ பெற்றவர் வாக்கை மீறினால், அந்த மீறலே முதலாளிக்கு நேர்ந்த பாதிப்பாகக் கொள்ளப்படும். அத்தகைய பயன் எதையும் பெறாதவரிடம் பணம் கேட்பவர், தமக்கு நேர்ந்த இழப்பைத் தனியாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பாண்ட் செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக எங்கள் மனிதவள அதிகாரி சொல்கிறார். உண்மையா?

உண்மைதான், ஆனால் முழுவதையும் படிக்க வேண்டும். 2025 மே 14 அன்று விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடிவதற்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த நிபந்தனை பணியில் இருக்கும் காலத்தைப் பற்றியதே தவிர வேறு எங்கும் வேலை செய்யாதே என்று தடுப்பதன்று, எனவே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவை மீறவில்லை என்பது ஒரு காரணம். பொதுத்துறை வங்கி ஒரு காலியிடத்தை நிரப்ப விளம்பரம் செய்து போட்டித் தேர்வு முறையில் ஆள் எடுத்தாக வேண்டியிருப்பதால் திடீர் விலகல் வீண் செலவை உண்டாக்குகிறது என்பது மற்றொன்று. அந்த அதிகாரியின் பதவியையும் சம்பளத்தையும் பார்க்கும்போது, விலகவே முடியாத அளவுக்கு அந்தத் தொகை பெரிதன்று என்றும் நீதிமன்றம் கருதியது.

ஆகவே ‘பாண்டே செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வதை நம்பி நோட்டீஸைக் கிழித்தெறிவது தவறு. அதேபோல், ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகையை ஒரு பயிற்சி ஊழியர்மீது சுமத்தும் தனியார் நிறுவனம் இந்தத் தீர்ப்பைக் காட்டி அவரை மிரட்டுவதும் தவறு.

கேள்வி: கடைசி மாதச் சம்பளத்தையும் பட்டச் சான்றிதழையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். ராஜினாமாவையே ஏற்க மாட்டோம் என்கிறார்கள்.

எனக்கு மிகுந்த வேதனை தரும் கடிதங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருவரை விருப்பத்துக்கு மாறாக வேலையில் இருத்தி வைக்க எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. பாண்டை மீறினால் பணம் கேட்கலாம், ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் தந்துவிட வேண்டும். எவற்றைப் பிடித்தம் செய்யலாம் என்று அதே சட்டம் தரும் பட்டியலில் பயிற்சிச் செலவு என்ற இனம் இல்லை. சான்றிதழ் உங்கள் சொத்து, அதை அடமானம்போல் வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால் அது இன்னும் மோசம், ஏனெனில் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை. கொடுத்த ஆவணங்களின் பட்டியலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு, பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறையை அணுகுங்கள். வருங்கால வைப்பு நிதியில் விலகல் தேதியை நிறுவனம் பதியாவிட்டாலும், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

கேள்வி: பாண்ட் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கேட்கிறார்கள்.

தர வேண்டியதில்லை. குறித்த காலத்துக்கு முன் விலகுபவரிடம் வசூலிக்கும் தொகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது.

கேள்வி: சேரும்போது தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கினார்கள். அதை வங்கியில் போட்டுவிட்டால்?

பணமின்றித் திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து பணத்தைச் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. அந்த 15 நாளைச் சும்மா கடத்திவிடாதீர்கள். காசோலை எதற்காகத் தரப்பட்டது, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் எதுவும் ஏன் இல்லை என்பதை வழக்கறிஞர் மூலம் பதிலாக அனுப்புங்கள். கடன் உண்டு என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும், அதை மறுத்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: நான் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஒருவரை இயந்திரப் பயிற்சிக்கு வெளிநாடு அனுப்பப்போகிறேன். திரும்பி வந்ததும் விலகிவிட்டால் எனக்கு என்ன பாதுகாப்பு?

உங்கள் கவலை நியாயமானது. பயணத்துக்கு முன்பே, அவர் படித்துப் பார்க்க நாலைந்து நாள் கொடுத்து, ஒப்பந்தத்தை எழுதுங்கள். விமானச் சீட்டு, விசா, பயிற்சிக் கட்டணம், தங்கும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்து, ஒவ்வொரு மாதம் முடியும்போதும் தொகை எவ்வளவு குறையும் என்பதை அட்டவணையாக இணையுங்கள். நீங்களே அவரைப் பணிநீக்கம் செய்தாலோ, அவர் உடல்நலம் கெட்டு விலகினாலோ தொகை கேட்கப்படாது என்றும் சேர்த்துவிடுங்கள். முத்திரைத்தாளில் எழுதுங்கள், மறந்துவிட்டால் பிறகு தீர்வையும் அபராதமும் கட்டித்தான் அதைச் சாட்சியமாக்க முடியும். ரசீதுகளை அவர் விலகும்வரை மட்டும் வைத்திருந்தால் போதாது, ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம் என்பதால் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.