டயர்: தீவா, கரையோடு ஒட்டிய ஊரா?

வணக்கம் நண்பரே. மகளின் பள்ளி வரைபடத்தில், இன்றைய லெபனானின் கடற்கரையில் உள்ள பழைய டயர் நகரைத் தீவாக வரைவதா, கரையோடு சேர்த்து வரைவதா என்று கேட்டிருந்தீர்கள். பாடநூல் தீவு என்கிறது, கூகுள் மேப்பில் அப்படி இல்லை. எந்தக் காலத்தை வரைகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கி.மு. 332-க்கு முன் என்றால் தயங்காமல் தீவாக வரையுங்கள். ஃபினீசியர்கள் என்ற பழங்காலக் கடல் வணிகர்களின் அந்த நகரம் கரையிலிருந்து சுமார் முக்கால் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருந்தது. பாபிலோன் மன்னர் நெபுகத்நேசர் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டார் என்று பழைய குறிப்புகள் சொல்வதற்கும் இந்த அமைப்புதான் காரணம். கி.மு. 332-இல் அலெக்சாண்டர் வந்தபோதுதான் கதை மாறியது. கரையிலிருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டிப் பாதை போட்டார். ஏழு மாதத்தில் நகரம் வீழ்ந்தது. அங்கே கடல் ஏற்கெனவே ஆழம் குறைவு. பாதையின் இருபுறமும் அலைகள் மணலைச் சேர்த்துக்கொண்டே போக, தீவு கரையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. இன்றைய லெபனானில் மக்கள் அந்த மணல்மேல்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எனக்கு இது எப்போதும் பெரிய வியப்பு!

ரோமர் காலத் தேரோட்டக் களத்தையும் காட்டுவதானால் அதைக் கரைப் பக்கம் குறியுங்கள், தீவில் அல்ல.  ஊதாச் சாயம் எடுக்கப் பயன்பட்ட கடல்நத்தையை மட்டும் ஓரத்தில் வரையச் சொல்லுங்கள். ஊரின் செல்வத்தில் பெரும் பங்கு அதில் வந்ததுதான்.