முகத்தின் கோடும் கரையின் கோடும்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எனக்கு 34 வயதாகிறது. கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். என் முகம் நீளமானது. கன்ன எலும்பு எடுப்பாகவும், மூக்கு கூர்மையாகவும், தாடை சதுரமாகவும் இருக்கும். பள்ளிக் காலத்தில் இதற்காகக் கேலிக்கு ஆளாகியிருக்கிறேன். முகம் சற்று மென்மையாகத் தெரிய வேண்டும் என்று அம்மா இளஞ்சிவப்பில் பூப்போட்ட ஷிபான் சேலைகளையும் கொசுவிய கை வைத்த ரவிக்கைகளையும் வாங்கித் தருகிறார். எனக்கோ அடர்ந்த நிறங்களும் பெரிய கரைகளும் நேர்த்தியான வெட்டும்தான் பிடிக்கின்றன. மூன்று மாதத்தில் என் தம்பிக்குத் திருமணம். என் முகத்துக்கு எப்படி உடுத்துவது சரி?
– செந்தூல் வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டிருப்பது உடையைப் பற்றித்தான் என்றாலும், அதன் அடியில் பள்ளிக் காலத்துக் கேலி இன்னும் ஆறாமல் இருப்பதை உணர்ந்தேன். முழுநிலா முகம் என்று பாடிப் பாடியே நம் மொழியில் முகத்தழகுக்கு வட்டத்தை அளவுகோலாக்கிவிட்டோம். அந்த அளவுகோலுக்குள் அடங்காத பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுவதும் கன்னத்தை முடியால் மூடிக்கொண்டு திரிகிறார்கள். இந்திரா காந்தியை நினைத்துப் பாருங்கள். நீண்ட மூக்கும், குட்டையாக வெட்டிய முடியும், அதில் ஒரு வெள்ளைக் கற்றையும், திருத்தமாகக் கட்டிய கைத்தறிச் சேலையுமாக அவர் வந்து நின்றபோது, அந்த முகத்தின் கூர்மையை எதைக் கொண்டும் மழுங்கச் செய்ய அவர் முயன்றதாகத் தெரியவில்லை. என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் விருப்பம்தான் சரி, அம்மாவின் அன்பு வேறு வழியில் போய்விட்டது.

காரணம் இதுதான். நம் கண் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. நெளிந்து வழியும் துணிக்கும் சிறு சிறு பூக்களுக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு வந்தால், அந்த நேர்க்கோடு முன்னைவிடக் கடுமையாகத் தெரியும். மென்மையைக் காட்டுவதற்காக உடுத்திய ஷிபானே உங்கள் தாடையை மேலும் சதுரமாக்கிக் காட்டுவது இப்படித்தான். அதே தாடைக்குக் கீழே நேராக வெட்டிய கழுத்தும் அகலமான கரையும் வந்தால், முகத்தின் கோட்டை உடையும் திரும்பச் சொல்கிறது. அப்போது முகமும் உடையும் ஒரே கையால் வரைந்தவை போல் ஆகிவிடுகின்றன. நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே நின்று, அந்தப் பூப்போட்ட சேலையை ஒரு முறையும், கட்டம் போட்ட கெட்டித் துணி ஒன்றை மறு முறையும் தோளில் போட்டுக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு படங்களையும் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போன பிறகு வடிவம் மட்டும்தான் மிஞ்சும். எது உங்களுக்குப் பொருந்துகிறது என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பினாங்கில் வாழ்ந்த என் பெரியம்மா. ஒடுங்கிய கன்னமும் நீண்ட கழுத்தும் கத்தி முனை போன்ற மூக்கும் அவருக்கு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும்போது செங்கல் சிவப்பில் கறுப்புக் கட்டமிட்ட கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையை எண்ணெய் தடவி இழுத்துக் கொண்டை போட்டு வெளியே வருவார். பக்கத்தில் பட்டு உடுத்தி நிற்பவர்கள் இருந்தாலும் பார்வை அவரிடம்தான் போய் நிற்கும். காரைக்குடிப் பக்கத்து நெசவான இந்தக் கண்டாங்கிக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கட்டம், தடித்த கோடு, ஒன்றோடொன்று மோதும் இரண்டு நிறங்கள் ஆகிய மூன்றும்தான் அதன் அடையாளம். துணிச்சலும் திருத்தமும் வேண்டும் என்று கேட்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பருத்திச் சேலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

துணியின் கனத்தை நிறத்துக்கு முன்பே பாருங்கள். ஷிபானும் ஜார்ஜெட்டும் உடலோடு ஒட்டி வழிந்து இறங்கும்; அவற்றில் மடிப்பு நிற்காது. உங்களுக்கு வேண்டியது மடித்த இடத்தில் மடிந்து நிற்கும் துணி. முறுக்கிய இழையில் நெய்த காஞ்சிப் பட்டு, டஸ்ஸர், கெட்டியான கைத்தறிப் பருத்தி ஆகியவை அப்படிப்பட்டவை. நம் ஊர்ப் புழுக்கத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் விறைப்பாகக் கஞ்சி போட்டுக் கட்டிய மெல்லிய பருத்தி, இலகு ரயில் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் ஈரக்காற்றில் துவண்டுவிடும். ஆகவே கஞ்சியை நம்புவதைவிட நெருக்கமான நெசவை நம்புவது நல்லது. லினன் அழகுதான் என்றாலும், ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும். நேர்த்தியை விரும்பும் உங்களை அது நாள் முழுவதும் உறுத்தும். பருத்தி கலந்த லினன் என்றால் ஓரளவு சமாளிக்கலாம்.

இனி ரவிக்கை. உங்கள் உடையில் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யப் போவது இதுதான். சேலைக்குச் செலவிடும் அக்கறையை நம்மில் பெரும்பாலோர் இதற்குக் காட்டுவதில்லை. உங்களுக்கு நீள முகமும் சதுரத் தாடையும் சேர்ந்து அமைந்திருப்பதால், ஒரு தோள் எலும்பிலிருந்து மறு தோள் எலும்பு வரை நேராக ஓடும் படகுக் கழுத்து மிக நன்றாக இருக்கும். அந்தக் குறுக்குக் கோடு முகத்தின் நீளத்தை அளவாக நிறுத்தும். தாடையின் கோட்டுக்கும் துணையாக நிற்கும். அதற்கு அடுத்தபடியாகச் சதுரக் கழுத்தைச் சொல்வேன். ஆனால் சதுரத்தின் மூலைகளை உருட்டிவிடாமல் கூராகத் தைக்கச் சொல்லுங்கள். பல தையல்காரர்கள் துணி பிரியாமல் இருப்பதற்காக மூலையைச் சற்று வளைத்துவிடுவார்கள். உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் அந்தப் பயம் வேண்டியதில்லை. ஆழமான 'வி' கழுத்தும் பொருந்தும். கழுத்தடியை ஒட்டி வரும் சிறு வட்டக் கழுத்து மட்டும் வேண்டாம். அது முகத்தைத் தட்டில் எடுத்து வைத்தது போல் தனியாகப் பிரித்துக் காட்டும்.

கை முழங்கைக்குச் சற்று மேலே நேராக முடியட்டும். கொசுவமும் தொங்கலும் வேண்டாம். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக உட்கார வேண்டும். அரை அங்குலம் கீழே இறங்கினாலும் முழு உருவமும் தளர்ந்து தெரியும். பிரின்சஸ் கட் வைத்துத் தைத்தால் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு நீண்ட தையல் கோடுகள் ஓடும். துணியைச் சிறிதாக மடித்துத் தைக்கும் சாதாரண டார்ட்டைவிட அது உங்கள் தோற்றத்துக்கு இசைவானது. மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நல்ல தையல்காரர்களுக்குக் குறைவில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், உடம்பிலும் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

திருமணத்துக்குக் காஞ்சிப் பட்டையே எடுங்கள். கடைக்காரர் விரித்துக் காட்டும்போது சேலையின் உடலில் உள்ள பூட்டாக்களை, அதாவது சிறு பூ உருவங்களை, பார்த்து மயங்காமல் முதலில் கரையைப் பாருங்கள். முக்கோணங்கள் வரிசையாக ஏறி நிற்கும் கோபுரக் கரை உங்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் தனித்தனியாக ஓடி இணையும் கோர்வை நெசவில், இரண்டும் சேரும் இடம் கோடு கிழித்தது போல் கூராக இருக்கும். அந்தக் கூர்மையைத்தான் நீங்கள் தேட வேண்டும். உடல் முழுவதும் கொடியும் மாங்காயும் நெருக்கமாக ஓடும் சேலையைவிட, வெற்று உடலும் ஆறு அங்குலக் கரையும் உள்ள சேலை எவ்வளவோ மேல். நீங்கள் உயரம் குறைந்தவர் என்றால் கரையை நான்கு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடர்ந்த நிறம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்; கறுப்பைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்களோ என்று நினைக்கிறேன். மணவறைக்குக் கறுப்பு உடுத்தினால் வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்துவார்கள், அவர்களின் மகிழ்ச்சிக்கும் அன்று இடம் வேண்டும். அரக்கு, மயில் கழுத்து நிறம், கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம் ஆகியவற்றில் கறுப்பின் ஆழம் குறையாமல் இருக்கிறது. நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இவற்றைப் போல் ஒளி கொடுப்பவை வேறில்லை. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை, அல்லது கரும்பச்சைக்குச் செந்தூரக் கரை என்று, தூரத்திலிருந்தே பிரிந்து தெரியும் இணையாகத் தேர்ந்தெடுங்கள். மெல்ல மெல்ல ஒன்றில் ஒன்று கலக்கும் நிறங்கள் உங்கள் முகத்துக்கு முன்னால் வெளிறிப் போகும்.

நகையில் நம் மரபே உங்கள் பக்கம் நிற்கிறது. தென்மாவட்டப் பாட்டிமார் காதில் தொங்கவிட்ட பாம்படத்தை அருகில் பார்த்திருக்கிறீர்களா? கோளமும் கனசதுரமும் கூம்புமாக, அடிப்படை வடிவங்களை மட்டுமே கொண்டு செய்த நகை அது. மேல்கையில் அணியும் வங்கியும், அதே கூர்வடிவில் விரலுக்குச் செய்யும் வங்கி மோதிரமும் முனையோடு கூடியவை. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் குறையுங்கள். படகுக் கழுத்து ரவிக்கை என்றால் கழுத்தில் எதுவும் வேண்டாம். காதில் பெரிய கல் தோடும் கையில் வங்கியும் போதும். அடுக்கடுக்காகச் சங்கிலிகளைப் போடும்போது எந்தக் கோடும் தனித்து நிற்காது. குடை ஜிமிக்கி பிடிக்கும் என்றால், தாடை மட்டத்தில் முடியாமல் அதற்குச் சற்று மேலே முடியும் அளவில் எடுங்கள்.

அலுவலகத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை; உங்களுக்கே அந்தத் தெளிவு இருக்கிறது. தோள் சரியாகப் பொருந்தும் கோட்டும், நேராக இறங்கும் கால்சட்டையும், முழங்காலுக்குக் கீழே நேராக வெட்டிய குர்த்தாவும் போதும். ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாள் விருந்துக்கு மலாய்ப் பெண்களின் நீள உடையான பாஜு குரோங் உடுத்துவீர்கள் என்றால், கழுத்தைச் சுற்றிப் பட்டை நிமிர்ந்து நிற்கும் செக்காக் மூசாங் கழுத்து வைத்ததைத் தேடிப் பாருங்கள். வட்டக் கழுத்தைவிட அது உங்களுக்கு மிடுக்கைத் தரும். முன்பக்கம் திறந்த மேல்சட்டையான கெபாயாவும் நல்ல தேர்வுதான், அதன் முன்பக்கம் இயல்பாகவே கூராக இறங்கும். மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்து 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அந்த உடையைப் பூப்பின்னல் நெருக்கமாக இல்லாமல் ஒரே நிறத்தில் தைத்து, மூன்று குரோசாங் ஊக்குகளை மட்டும் நகையாக விட்டால் நன்றாக இருக்கும்.

திருத்தம் என்பது விலையில் வருவதன்று. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் சொன்னது உங்களைப் போன்ற தோற்றத்துக்கு இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் நேர்க்கோடுகளால் ஆன உடையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் உடனே தெரியும். பூப்போட்ட ஷிபான் அந்தக் குறையை மறைத்துவிடும். வெற்றுப் பட்டு மறைக்காது. முந்தானை மடிப்புகளை முதல் நாளே ஒரே அகலத்தில் மடித்து, தேய்த்து, ஊக்குக் குத்தி வைத்துவிடுங்கள். ஃபால்ஸ் துணி சேலையின் நிறத்திலேயே இருக்கட்டும். ஊக்கு வெளியே தெரியக் கூடாது.

முடியை இருபுறமும் இறக்கிவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுவகிடு எடுத்து இழுத்துக் கட்டிய தாழ்வான கொண்டையும், அதைச் சுற்றி இறுக்கமாக வைத்த மல்லிகைச் சரமும் போதும். பொட்டு விஷயத்தில் மட்டும் இதுவரை சொன்னதற்கு மாறாகச் சொல்வேன்: சற்றுப் பெரிய வட்டப் பொட்டாக வையுங்கள். கோடுகள் நிறைந்த முகத்தில் ஒரே ஒரு முழு வட்டம் வந்து அமரும்போது, எல்லாக் கோடுகளும் அதை நோக்கி வந்து சேர்வது போல் இருக்கும். கண்ணில் அடர்ந்த மை தீட்டினால் உதட்டை விட்டுவிடுங்கள், அடர்சிவப்பு உதடு வேண்டும் என்றால் கண்ணை விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். கோபுரக் கரைப் பட்டைத் தேர்ந்தெடுக்க அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருடைய தலைமுறைக்கு நல்ல கரையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். வாங்கித் தந்த ஷிபான் சேலை ஒன்றைப் படகுக் கழுத்து வைத்த கறுப்பு ரவிக்கையோடு ஒரு நாள் அவர் முன்னால் உடுத்திக்கொள்ளுங்கள், அவர் கொடுத்தது வீணாகவில்லை என்று மகிழ்வார்.

ரவிக்கைத் துணியைத் திருமணத்துக்கு ஆறு வாரம் முன்பே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மணமகனின் சகோதரி என்பதால் தாலியின் மூன்றாம் முடிச்சைப் போடப் போகிறவர் நீங்கள்தான். அந்த நேரத்தில் நீங்கள் மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நிற்பீர்கள். எல்லாப் படங்களிலும் உங்கள் பக்கவாட்டு முகமும் பின்கழுத்தும்தான் விழும். ஆகவே பின்கழுத்தையும் முன்கழுத்தைப் போலவே நேராக வெட்டச் சொல்லுங்கள். போட்டுப் பார்க்கும் அன்று கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், குனிந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி முடிச்சுப் போடுவது போல் செய்து பாருங்கள். கைக்குழியில் துணி இழுத்தாலோ முதுகில் ஹுக் தெறிக்கப் பார்த்தாலோ, வீட்டுக்குக் கொண்டு வராமல் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.