வல்லாரை ஜெல் தோலுக்குள்ள இறங்குமா?

வல்லாரைச் சாறை நியோசோம்ல (மருந்த உள்ள வச்சு சுமக்கற கண்ணுக்குத் தெரியாத நுண்பை) அடைச்சு ஜெல் செஞ்சா தோல் வழியா உள்ள போகுமா, புண்ணுக்கு போடலாமான்னு கேட்டிருக்கீங்க. போகும், ஆனா எந்த மாதிரி தோலுக்குன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க. நான் அத யோசிக்காமலே இறங்கி பல மாசத்த விட்டேன்.

ரங்கூன்ல ஃபார்மசி படிச்சப்ப என் ப்ராஜெக்ட்டே இதான். இங்க சந்தையில வல்லாரை கட்டு கட்டா கிடைக்கும், பர்மாக்காரங்க குதிரைக் குளம்பு இலைன்னு சொல்லி வேர்க்கடலை போட்டு பிசைஞ்சு சாப்பிடுவாங்க, எங்க ஆயா துவையல் அரைப்பாங்க. அதுல புண்ணாத்துற முக்கியமான சரக்கு ஏசியாட்டிகோசைட், அதோட மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 959. தோலோட மேல் படலம் 10, 20 மைக்ரோமீட்டர் கனம்தான், ஆனா மூலக்கூறு எடை 500க்கு மேல இருக்கறத லேசுல உள்ள விடாது. தனக்கா (பர்மாக்காரங்க முகத்துல பூசற மரப்பட்டை சந்தனம் மாதிரி) பூசினா அது மேலயே நின்னாலும் போதும், இது அப்படி இல்ல, கீழ இருக்கற செல் வரைக்கும் போய் கொலாஜன் உண்டாக வைக்கணும்.

திறந்த புண்ணுல அந்த படலமே கிடையாது, அங்க சாதா ஜெல்லே உள்ள போயிடும். ஆறி மூடின தழும்புக்குத்தான் நியோசோம் மாதிரி நுண்பைகள் வேணும்.

செய்முறைன்னு பாத்தா, நான் முதல்ல நியோசோமுக்கு, பையோட சுவரா ஆகற ஸ்பான் 60, கொலஸ்ட்ரால் ரெண்டையும் குளோரோஃபார்ம்ல கரைச்சு, சுழலவிட்டு ஆவியாக்கற ரோட்டரி கருவில மெல்லிசா படலம் எடுத்து, 60 டிகிரி சூட்டுல தண்ணி சேத்தேன், பாதியில கரண்ட் போயிடும், சூடு 50க்கு கீழ இறங்கினா ஸ்பான் 60 இறுகி வெள்ளை வெள்ளையா கட்டி தட்டிடும். மூணு தடவ இப்படியே வீணாச்சு, அழுகையே வந்துச்சு. அப்புறம் எத்தோசோமுக்கு, அதாவது ஆல்கஹால் சேத்து செய்யற நுண்பைக்கு மாறினேன். சோயா லெசித்தின், 30 சதவீதம் எத்தனால், மூடின பாத்திரத்துல கலக்கிக்கிட்டே தண்ணிய சொட்டு சொட்டா விடணும், பெரிய சூடு வேணாம், ஸ்டிரர் மட்டும் பேட்டரில ஓடினா போதும். ஆனா எத்தனால் புண்ணுல பட்டா எரியும், அதனால மூடின தழும்புக்கு மட்டும்தான்.

ஜெல்லுக்கு கார்போபால்ங்கற கெட்டியாக்கற பொடி, அதுல டிரைஎத்தனாலமைன்ங்கற காரத்த சொட்டு சொட்டா விட்டு பிஹெச் 6 கிட்ட நிறுத்துங்க. இலைச் சாறுல உப்பு இருந்தா ஜெல் நீர்த்துப் போயிடும், சாறை சுத்தம் பண்ணிட்டு சேருங்க.

டெஸ்ட்தான் ரொம்ப முக்கியம். டயாலிசிஸ் பையில (நுண்துளை சவ்வுப் பை) போட்டு மருந்து வெளிய வந்தா, அது நுண்பையவிட்டு கழண்டுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம், தோல தாண்டுச்சுன்னு இல்ல. ஜெல்லை மேல பூசிப் பாக்க பன்னிக் காது தோல் வாங்குங்க, ஆனா கசாப்புக்காரர் சுடுதண்ணி ஊத்தி முடி எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க, வெந்த தோல் எதப் போட்டாலும் விட்டுடும். பக்கத்துலயே அதே அளவு சாறு போட்ட சாதா ஜெல்லையும் வைங்க. கடைசியில தோல தாண்டி கீழ இருக்கற திரவத்துல வந்த மருந்த மட்டும் அளக்காம, தோலயே நறுக்கி உள்ள எவ்வளவு தங்கியிருக்குன்னு பாருங்க, தழும்புக்கு வேலை செய்யப்போறது அந்த தங்கின அளவுதான்.