காலில் வீக்கம் இருந்தும் டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் இறங்குவது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. எடை 60 கிலோ. ஒவ்வொரு முறையும் மூன்றரை லிட்டர் நீர் எடுக்கிறார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. கால் வீக்கமோ அப்படியே இருக்கிறது. இது எப்படி?

பதில்: கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு அவருடைய காலில் நிற்கும் நீர், ரத்தக் குழாய்களுக்கு வெளியே, திசுக்களின் இடைவெளியில் இருக்கிறது. இயந்திரமோ ரத்தத்திலிருந்துதான் நீரை எடுக்கும். அவருடைய எடைக்கு ரத்தம் நான்கைந்து லிட்டர் இருக்கும்; அதில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி சுமார் 3 லிட்டர்தான். மூன்றரை லிட்டர் எடுத்தும் ரத்தம் வற்றாமல் இருப்பதற்குக் காரணம், எடுக்க எடுக்கத் திசுக்களிலிருந்து நீர் ஊறி வந்து ஈடுகட்டுவதே. எடுக்கும் வேகத்துக்கு அந்த ஊற்று ஈடுகொடுக்காதபோது ரத்தத்தின் அளவு குறைந்து, அழுத்தம் இறங்கி, தசை இழுக்கிறது. நீரைக் குழாய்க்குள் இழுத்துவைக்கும் அல்புமின் என்னும் புரதம் ரத்தத்தில் குறைந்திருந்தால் ஊற்று இன்னும் மந்தமாகும். ஆகவே அந்தப் பரிசோதனை முடிவை அவசியம் பாருங்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் 3,500 மி.லி. என்றால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 14.6 மி.லி. ஆகிறது. 13-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதே பொதுவான வழிகாட்டல். அதே நீரை 5 மணி நேரத்தில் எடுத்தால் வேகம் 11.7 ஆகக் குறையும். நேரத்தைக் கூட்டுவதை நோயாளிகள் விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான், ஏனெனில் அழுத்தம் அடிக்கடி இறங்குவது இதயத் தசையைப் பாதிப்பதோடு, டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்துலா அடைத்துக்கொள்ளவும் வழிவகுக்கும்.

அடுத்தது உப்பு. ஏறத்தாழ 8 கிராம் உப்பு, ஒரு லிட்டர் நீரை உடலில் நிறுத்திவைக்கும்; உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் தாகம் அவரை வாட்டும். டயாலிசிஸின்போது சாப்பிடுவதும், அன்று காலை ரத்த அழுத்த மாத்திரை போடுவதும் அழுத்தத்தை இறக்கக்கூடும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவருடைய உலர் எடையை (மிகுதி நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடையை) மறுமதிப்பீடு செய்யவும், டயாலிசிஸ் திரவத்தின் வெப்பநிலையைச் சற்றுக் குறைக்கவும் இயலுமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். கொட்டாவி, வியர்வை, கண் இருட்டுதல் தொடங்கியதுமே, தசை இழுக்கும்வரை பொறுத்திராமல் செவிலியரை அவர் அழைக்க வேண்டும். நெஞ்சு வலித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.