அந்த 15 எங்கிருந்து வந்தது, அண்ணாச்சி?

அண்ணாச்சி, நேற்று தாராவியிலிருந்து செம்பூர் வரை வந்து நீங்கள் புலம்பிவிட்டுப் போனது இன்னும் காதில் நிற்கிறது. "நாலு வருசம் மெக்கானிக்கல் படிக்கவச்சேன், ஒத்தக் கேள்வில வெளிய அனுப்பிட்டானுவ. பேசாம சாஃப்ட்வேர் கோர்ஸ்ல சேத்துரவா?"

அவசரப்படாதீர்கள். இண்டர்வியூவில், 10 பார் டிசைன் பிரஷர் உள்ள ஸ்டீல் வெசலுக்கு (அழுத்தக் கலனுக்கு) ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனை, எத்தனை பாரில் என்று கேட்டிருக்கிறார்கள். தம்பி சட்டென்று 15 என்றிருக்கிறான்.

அது ஒரு காலத்தில் சரியான விடை. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. கோடு, செக்‌ஷன் 8 டிவிஷன் 1-இல் முன்பு டிசைன் பிரஷரின் ஒன்றரை மடங்குதான். 1999 திருத்தத்தில் அது 1.3 ஆனது. தகடு அறுந்துபோகும் வலிமையை முன்பு 4-ஆல் வகுத்து அலவபிள் ஸ்ட்ரெஸ், அதாவது வேலையில் தகட்டுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு, வைத்தார்கள். அப்போது அதை 3.5 ஆக்கினார்கள். வேலையின்போது தகட்டில் விழும் சுமை கூடியதால் டெஸ்ட் மடங்கைக் குறைத்தார்கள். 1.5-ஐ 4-ஆல் வகுத்தால் 0.375, 1.3-ஐ 3.5-ஆல் வகுத்தால் 0.371. டெஸ்டில் தகடு படும் பாடு ஏறக்குறைய அதேதான். தம்பி படித்தது ஏதோ சீனியரின் சீனியர் விட்டுப்போன நோட்ஸாக இருக்கும். இல்லையென்றால் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 கோடை நினைத்திருப்பான், அங்கே இன்றும் 1.5 தான்.

வெசல்களுக்கான ஐரோப்பிய கோடு ஈ.என். 13445 போகிற வழி வேறு. டிசைன் பிரஷரின் 1.43 மடங்கு ஒன்று, 1.25 மடங்கை ஸ்ட்ரெஸ் விகிதத்தால் பெருக்கி வருவது இன்னொன்று. எது பெரிதோ அதுதான் டெஸ்ட் பிரஷர். சூட்டில் எஃகு தளரும், ஆனால் டெஸ்ட் நடப்பது பச்சைத் தண்ணீரில். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் விகிதம்: டெஸ்ட் சூட்டில் உள்ள அலவபிள் ஸ்ட்ரெஸை வேலைச் சூட்டில் உள்ளதால் வகுத்தால் வருவது. ஏ.எஸ்.எம்.இ.யின் 1.3-ஐயும் இதே போன்ற விகிதத்தால் பெருக்க வேண்டும். விகிதம் 1 என்றால் ஏ.எஸ்.எம்.இ. கணக்கில் 13 பார், ஐரோப்பியக் கணக்கில் 14.3. விகிதம் 1.15 ஆனால் 14.95-உம் 14.38-உம். மேலே இருந்தது கீழே வந்துவிட்டது, பார்த்தீர்களா! ஆகவே அவன் திருப்பிக் கேட்டிருக்க வேண்டியது: "எந்தக் கோடு சார்? என்ன டெம்பரேச்சர்?" அப்படி ஒரு வார்த்தை வராதா என்றுதான் எதிரே இருந்தவர் காத்திருந்திருப்பார்.

குவாலிட்டி கோர்ஸ் என்று விளம்பரம் செய்பவர்களிடம் இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். வெசல் இன்ஸ்பெக்டர்களுக்கான ஏ.பி.ஐ. 510 தேர்வு எழுதவே வேலை அனுபவம் கேட்பார்கள். முதலில் ஏதாவது ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் டிரெய்னியாக நுழையட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும். தண்ணீர் நிரப்பும்போது உச்சியில் உள்ள வென்ட்டை ஏன் திறந்து வைக்கிறார்கள், ஸ்டெயின்லெஸ் வெசல் என்றால் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று ஏன் பார்க்கிறார்கள், பிரஷரைக் கொஞ்சம் இறக்கிய பிறகே ஏன் வெல்டுக்குப் பக்கத்தில் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

செவ்வாய்க்கிழமை தலோஜாவில் அவனுக்கு இன்னொரு இண்டர்வியூ என்றீர்களே. குர்லாவில் ஹார்பர் வண்டி மாறி பேலாப்பூர், அங்கிருந்து பெந்தர் வரை மெட்ரோ. இன்று ராத்திரி இந்த நாலு எண்களையும் அவனே காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும். விடை ஒத்துவரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், பத்து மணி வரை முழித்திருப்பேன்.