எந்த ‘ஏ’யை அழுத்துவது?

கீபோர்டும் கேம் பட்டனும் சேர்ந்த ஒரு கையடக்கக் கருவியை நண்பர்களோடு சேர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று மாதிரிகள் செய்து பார்த்தாயிற்று. பட்டன் மேல் என்ன எழுதுவது என்று பலரும் கேட்டதற்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, வலது பக்கம் நாலு பட்டன். ஏ, பி, எக்ஸ், ஒய் என்று போட்டால் முடிந்ததே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கீபோர்டு இல்லாத கருவி என்றால் அவ்வளவுதான் தம்பி. கீபோர்டு வந்துவிட்டால் ஒரே கருவியில் இரண்டு ‘ஏ’ ஆகிவிடுகிறது. முதல் மாதிரியை அக்கா மகளிடம் கொடுத்தேன். திரையில் ‘ஏ-ஐ அழுத்தவும்’ என்று வந்தது. அவள் குனிந்து, கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் ஏ-யைத் தேடிப்பிடித்து அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அழுத்தினாள். “மாமா, இது ரிப்பேர்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் மேல் தவறே இல்லை, எழுதியிருந்ததைத்தான் படித்தாள். அன்றைக்கே கேம் பட்டன்களில் எழுத்து வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

கேள்வி: எழுத்துதான் வேண்டும் என்றால் நின்டெண்டோ வரிசையா, எக்ஸ்பாக்ஸ் வரிசையா?

இரண்டில் எதை எடுத்தாலும் பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் இருக்கும். 1990-ல் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கேம் கருவியில் மேலே எக்ஸ், வலது ஏ, கீழே பி, இடது ஒய். 1998-ல் சேகா ட்ரீம்காஸ்ட்டும் 2001-ல் எக்ஸ்பாக்ஸும் கீழே ஏ, வலது பி, இடது எக்ஸ், மேலே ஒய் என்று வைத்தன. அதாவது ஏ-யும் பி-யும் இடம் மாறிக்கொண்டன, எக்ஸும் ஒய்யும்கூட இடம் மாறிக்கொண்டன. நிறமும் உதவாது: சூப்பர் ஃபாமிகாமில் ஏ சிவப்பு, எக்ஸ்பாக்ஸில் பச்சை.

நம் வகைக் கருவிகளுக்கு முன்னோடியான பாண்டோரா (2010) மூன்றாவது வழியில் போனது. அதில் இடது ஏ, வலது பி, கீழே எக்ஸ், மேலே ஒய். முதலில் பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அதை இயக்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அந்த நாலும் ஹோம், எண்ட், பேஜ் டவுன், பேஜ் அப் கீகளாகப் போகும். ஆகவே ஒரு கோப்பைப் படிக்கும்போது மேலே இருக்கும் பட்டன் மேலே தள்ளும், கீழே இருப்பது கீழே தள்ளும், இடது வரியின் தொடக்கத்துக்கும் வலது முடிவுக்கும் போகும். கீபோர்டுக் கருவி என்பதை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கேள்வி: சார், பிளேஸ்டேஷன் மாதிரி முக்கோணம், வட்டம் போட்டால் எழுத்துக் குழப்பமே வராதே?

கீபோர்டோடு மோதாது, சரிதான். ஆனால் அந்த நாலு வடிவமும் சோனியின் முகவரி மாதிரி; வேறு கருவியில் போட எனக்கு மனம் வரவில்லை. பொருளும் ஒரே மாதிரி நிற்கவில்லை. வட்டம் ‘ஆம்’, பெருக்கல் குறி ‘இல்லை’ என்பதுதான் வடிவமைத்தவரின் எண்ணம். ஜப்பானில் பல ஆண்டுகள் அப்படியே ஓடியது. மேற்கு நாடுகளிலோ பெருக்கல் குறியே ‘ஆம்’ ஆகிப்போனது. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானுக்கும் பெருக்கல் குறிதான் ‘ஆம்’ என்று மாற்றிவிட்டார்கள்.

கேள்வி: அப்புறம் நீங்கள் என்னதான் போட்டீர்கள்?

புள்ளி. கீழே ஒன்று, வலது இரண்டு, இடது மூன்று, மேலே நான்கு. இந்த வரிசை என் கற்பனை இல்லை. பிரவுசர்கள் கேம்பேடைப் படிக்கும் பொது வரிசையிலும் கீழ்ப் பட்டன்தான் முதல், அப்புறம் வலது, இடது, மேல். லினக்ஸிலும் இந்தப் பட்டன்களுக்குத் தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்கு என்று திசைப் பெயர் உண்டு. இடம் மாறாது, எழுத்துதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

புள்ளிகளை மேடாகவே வார்த்திருக்கிறோம், கட்டைவிரலே எண்ணிவிடும். சூப்பர் ஃபாமிகாமின் அமெரிக்க வடிவமான சூப்பர் நின்டெண்டோவைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஏ, பி இரண்டும் குவிந்திருக்கும், எக்ஸ், ஒய் இரண்டும் குழிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது.

பழைய கேமை எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டினால் திரையில் ‘ஏ’ என்றுதான் வரும், அதை நாம் மாற்ற முடியாது. அதனால் கேம் தொடங்கும்போது நாலு பட்டன் படத்தையும், இந்த கேமில் எது எந்த எழுத்து என்பதையும் சில நொடி காட்டுகிறோம்.

கேள்வி: மேல் விளிம்பில் இருக்கும் எல், ஆர் பட்டன்களும் எழுத்துதானே?

எல்1, ஆர்1 என்று எண்ணைச் சேர்த்துவிடுங்கள், போதும்.

கேள்வி: கீபோர்டில் தமிழ் எழுத்தும் அச்சிட ஆசை. தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போடலாமா?

தாராளமாக. ஆனால் அச்சிடும் முன் கீகளை எண்ணுங்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. இரண்டு கட்டைவிரலால் தட்டுவதற்கு அருமையாகப் பொருந்தும். சிக்கல் வலது ஓரத்தில். ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளிக் கீயில், ய ஒற்றை மேற்கோள் கீயில். சின்னக் கீபோர்டு செய்பவர்கள் முதலில் வெட்டுவதே இந்த நாலைத்தான், எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தும்படி ஒளித்துவைப்பார்கள். ‘நான்’ என்று எழுதவே இரண்டு கீயைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தால் யார் தமிழில் தட்டுவார்கள்? எங்கள் மூன்றாவது மாதிரியில் வரிசைக்கு ஒரு கீ கூட்டி, ஸ்பேஸ் பாரைக் குறுக்கி, நாலுக்கும் தனி இடம் கொடுத்தோம். உங்கள் கீபோர்டின் படத்தை அனுப்புங்கள், எங்கே இடம் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.