இரண்டாவது தொகுதி என்ன, ஸ்டெப்னியா?

கேள்வி: இரண்டு தொகுதிகளில் நிற்கச் சட்டமே அனுமதிக்கிறது. இந்திரா நின்றார், மோடி நின்றார், உங்கள் புதுச்சேரி ரங்கசாமியும் நின்றார். எங்கள் தலைவர் நின்றால் மட்டும் 'தோல்வி பயம்' என்று தலைப்புப் போடுகிறீர்களே, இது நியாயமா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 'எங்கள் தலைவர்' யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. யாராக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்.

சட்டம் அனுமதிக்கிறது, வாஸ்தவம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 33(7) பிரிவுப்படி ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு தொகுதிகள் வரை நிற்கலாம். அந்தக் கடிவாளமே 1996ல்தான் வந்தது, அதுவரை கணக்கு வழக்கே கிடையாது. 1957ல் வாஜ்பாய் லக்னோ, மதுரா, பல்ராம்பூர் என்று மூன்று இடத்தில் நின்றார். லக்னோவில் தோல்வி, மதுராவில் டெபாசிட்டும் போச்சு, பல்ராம்பூர் கைகொடுத்ததால் நாடாளுமன்றம் போனார். ஜனசங்கம் அப்போது சின்னக் கட்சி, ஆள் எப்படியாவது உள்ளே போனால் சரி என்ற நிலைமை, அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 1985ல் என்.டி.ஆர். குடிவாடா, இந்துப்பூர், நல்கொண்டா மூன்றிலும் நின்றது பயத்தால் இல்லை, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெலங்கானா மூன்றுக்கும் நானே ராஜா என்று காட்டுவதற்கு. மூன்றிலும் ஜெயித்தார், இந்துப்பூரை வைத்துக்கொண்டார். நாலு வருஷம் கழித்து அதே இந்துப்பூரோடு கல்வகுர்த்தியிலும் நின்றபோது கல்வகுர்த்திக்காரர்கள் கவிழ்த்துவிட்டார்கள், அது தனிக் கதை.

பயமும் தப்பில்லை. 1977ல் ரேபரேலியில் தோற்ற இந்திரா 1980ல் மேடக்கையும் சேர்த்துக்கொண்டார். 1991ல் பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்துப் பர்கூரை வைத்துக்கொண்ட ஜெயலலிதா, 1996ல் பர்கூரை மட்டும் நம்பி நின்று தோற்றார். 2001ல் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புதுக்கோட்டை, உங்கள் மாவட்டத்துப் புவனகிரி என்று நாலு இடத்தில் மனு போட்டார். சட்டம் இரண்டு என்று சொல்லி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வழக்கில் கிடைத்த தண்டனை ஒரு பக்கம், இந்த இரண்டுக்கு மேல் விவகாரம் இன்னொரு பக்கம், நாலு மனுவும் தள்ளுபடி. புவனகிரியில் அன்றைக்கு எத்தனை பேர் சுவரில் பெயிண்ட் அடித்துவிட்டுக் காத்திருந்தார்களோ.

ஆக, தலைவருக்குப் பயம் என்பது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. இரண்டு இடத்திலும் ஜெயித்த பிறகு நடப்பதுதான் விஷயம். பதினாலு நாளுக்குள் ஒன்றை ராஜினாமா செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் அங்கே இடைத்தேர்தல். எதை விடுவது என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். ஓட்டுப் போட்டவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

2011 ஞாபகம் இருக்கிறதா? ரங்கசாமி கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். இரண்டும் ஒட்டிய தொகுதிகள், அவர் பைக்கை எடுத்தால் டீ ஆறுவதற்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். கதிர்காமத்தை வைத்துக்கொண்டார், இந்திரா நகரை விட்டார். ஏப்ரலில் ஓட்டுப் போட்ட மக்கள் அக்டோபரில் மறுபடி வரிசையில் நின்றார்கள். இடைத்தேர்தல் சமயத்தில் அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் இடது ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினார். மை போய், நகம் வளர்ந்து, வெட்டி, சுத்தமாக இருந்தது. "போன வாட்டி அவருக்குத்தான் சார் போட்டேன், அவரும் ஜெயிச்சாரு. அப்புறம் இன்னாத்துக்கு சார் மறுபடியும்?" கட்சிக்காரராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். சர்க்கரை கம்மியாப் போடுங்க என்று மட்டும் சொன்னேன்.

இடைத்தேர்தல் வந்தால் ரோடு போடுவார்கள், அமைச்சர்கள் வீடு தேடி வருவார்கள், நமக்கு லாபம்தானே என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் அதிகம். முதலில் போட்ட ஓட்டை முழுசாக மதித்திருந்தால் ரோடு ஐந்து வருஷத்தில் ஒழுங்காக வந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தது. கடலூரில் அப்பா வீட்டு முகவரியில் என் பெயர் இன்னும் கிடந்தது, புதுச்சேரியிலும் இருந்தது. பாரம் கொடுக்க வந்த அங்கன்வாடி அம்மா, "ரெண்டு ஊர்லயும் கையெழுத்துப் போட்றாதீங்க சார், ஜெயில்" என்றார். சும்மா மிரட்டவில்லை, பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறது. கடலூரை விட்டேன், அப்பா வீட்டுத் தொகுதி ஆயிற்றே என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடும் அந்தப் பக்கம் ஒரு வீடும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டுப் போடுகிறவனுக்கு ஒரு ஊர்தான், ஓட்டு வாங்குகிறவருக்கு இரண்டு ஊரா?

காரில் ஸ்டெப்னி வைத்திருக்கிறோமே, அப்படித்தான் இந்த இரண்டாவது தொகுதி. டிக்கியில் தூசு படிந்து கிடக்கும், பஞ்சர் ஆனால்தான் நினைவு வரும். சில பேருக்குக் கைகொடுத்திருக்கிறது: 2018ல் சாமுண்டேஸ்வரியில் கவிழ்ந்த சித்தராமையாவுக்குப் பாதாமி, 2019ல் அமேதியில் கவிழ்ந்த ராகுலுக்கு வயநாடு. 2024ல் வயநாடும் ரேபரேலியும் கிடைத்தபோது அவர் ரேபரேலியை வைத்துக்கொண்டார். இக்கட்டில் தூக்கிவிட்ட வயநாட்டுக்கு இடைத்தேர்தலும் தங்கை பிரியங்காவும்.

சில நேரம் ஸ்டெப்னியே காற்றுப் போய்விடும், எனக்கு அதைப் பார்க்க ஒரு அற்ப சந்தோஷம். 2021ல் ரங்கசாமி தட்டாஞ்சாவடியோடு ஏனாமிலும் நின்றார். அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்த தொகுதிதான், ஆனால் எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேலே, கோதாவரிக் கரையில் இருக்கிற ஊர். அங்கே பல வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்த மல்லாடி கிருஷ்ணாராவே பக்கத்தில் நின்றும், ஏனாம்காரர்கள் கொல்லப்பள்ளி ஸ்ரீனிவாஸ் அசோக் என்ற உள்ளூர் சுயேச்சையை ஜெயிக்க வைத்தார்கள். தட்டாஞ்சாவடி இருந்ததால் ரங்கசாமி முதல்வர் ஆனார். ஏனாம் மட்டும் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள், அங்கே சட்டமன்றக் கூட்டம் நடத்த முடியுமா? 2023ல் தெலங்கானாவின் காமாரெட்டி இன்னும் விசேஷம். கே.சி.ஆருக்கு கஜ்வேலோடு அது இரண்டாவது தொகுதி, ரேவந்த் ரெட்டிக்குக் கொடங்கலோடு அது இரண்டாவது தொகுதி. பெரிய ஆள் இரண்டு பேரையும் உள்ளூர் பா.ஜ.க. வேட்பாளர் வெங்கட ரமண ரெட்டி தோற்கடித்தார்.

ஒருவருக்கு ஒரு தொகுதி என்று மாற்றச் சொல்லி தேர்தல் ஆணையம் 2004லேயே எழுதிவிட்டது. இல்லையென்றால் இடைத்தேர்தலுக்குக் காரணமானவரிடம் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து லட்சம், மக்களவைத் தொகுதிக்குப் பத்து லட்சம் வாங்குங்கள் என்றது. 2015ல் சட்ட ஆணையமும் ஒரு தொகுதி போதும் என்றது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்த வசதி தேவைப்படுகிறவர்கள். அபராதம் வாங்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்கிங் டோக்கன் மாதிரி கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு தொகுதிதான் என்று சட்டம் வந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2016ல் புதுச்சேரியில் நாராயணசாமி எங்கேயும் நிற்காமலே முதல்வர் ஆனார். அப்புறம் மே மாதம் ஜெயித்த ஜான்குமார் நெல்லித்தோப்பை ராஜினாமா செய்து இடம் கொடுக்க, நவம்பரில் இடைத்தேர்தல். நெல்லித்தோப்புக்காரர்களிடம் கேட்டால் இந்திரா நகர்க்காரர்கள் சொன்னதைத்தான் சொல்வார்கள்.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'தோல்வி பயம்' என்று போட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன், உங்கள் தலைவர் மனசுக்குள் புகுந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கக் கூடாது. அடுத்த தடவை 'ஸ்டெப்னியோடு வருகிறார்' என்று போடுகிறேன்.